சிறு சுற்றுப்போட்டிகளை இகழ்வோர்க்கு ஒரு மறுப்பு

ஸ்நூக்கர் ஆட்டத்தைப் பற்றிப் பேசுவோரிடையே ஒரு கருத்து ஆழ வேரூன்றியிருக்கிறது. உலக சம்பியன் போட்டியும் அதனையொத்த இரண்டொரு பெரும் போட்டிகளுமே ஆட்டம் எனத்தக்கவை. ஏனையவை, அதாவது எங்கோ ஒரு சிறு நகரத்து மண்டபத்தில், ஏழு பிரேம்களுக்கு மேற்படாத ஆட்டங்களாக, சில ஆயிரம் பவுண் பரிசுக்காக நடத்தப்படும் சுற்றுப்போட்டிகள் யாவும், நாட்காட்டியின் வெற்றிடங்களை நிரப்ப வந்த பதர்கள் என்பதே அக்கருத்து. இதனைக் கூறுவோர் ஆட்டத்தை அறியாதவர்களல்லர். அறியாதவன் கூற்று காற்றோடு போய்விடும். அறிந்தவன் கூற்றோ நிதி ஒதுக்குவோர் செவியில் ஏறிவிடும். ஆதலால் இது மறுக்கப்பட வேண்டிய கருத்தாகிறது.

இக்கருத்தின் பெறுமதியை உரைத்துப் பார்ப்பதற்கு, உலக சம்பியன் போட்டி நடைபெறும் ஷெபீல்ட் நகரைக் காட்டிலும் வில்கமுவ பொருத்தமான இடமாகும். மாத்தளை மாவட்டத்தின் கிழக்கெல்லையில், நக்கிள்ஸ் மலைத்தொடருக்கு அப்பால், மகாவலியை அண்டிக் கிடக்கும் பிரதேசம் அது. அருகே 1984இல் பிரகடனப்படுத்தப்பட்ட வஸ்கமுவ தேசியப் பூங்கா. ஹெட்டிப்பொலக் கடைத்தெருவை விட்டு நீங்கினால் வயல். வயலை விட்டு நீங்கினால் யானைக் காடு. கதிர் முற்றும் காலத்தில் இரவெல்லாம் பரணில் விழித்திருக்கும் விவசாயியின் மகனுக்கும் மகளுக்கும், பன்னிரண்டடி நீளமும் ஆறடி அகலமும் கொண்ட பச்சைக் கம்பளி மேசை கைத்தொலைபேசித் திரையிற் காணும் காட்சியே. பெரும் போட்டிகள் மட்டுமே போதும் என்பவர், உண்மையில், அவர்கள் காணட்டும், தொட வேண்டாம் என்றே சொல்கின்றனர்.

அவ்வூர் விவசாயியிடம் கேட்டால் வேறு விதமாக விளக்குவான். பெரும்போகம், சிறுபோகம் என இரு போகங்கள் அவனுக்கு உண்டு. சிறுபோகத்தில் நீர் குறைவு, விதைக்கும் வயலின் பரப்புக் குறைவு, விளைச்சலும் குறைவு. அதற்காக, அது விவசாயமே அன்று எனக் கூறி எவனும் வயலைத் தரிசாகப் போட்டுவிட்டு அடுத்த மாரிவரை திண்ணையில் இருப்பதில்லை.

கொழும்பிலோ கண்டியிலோ இருந்துகொண்டு, வில்கமுவ போன்ற இடத்துக்கும் உலகப் பட்டத்துக்கும் என்ன தொடர்பு என வினவுவோர் உளர். கரம் பலகையை அவர்கள் மறந்துவிட்டனர் போலும். 2012ஆம் ஆண்டு கொழும்பில் நடைபெற்ற உலகக் கரம் சம்பியன் போட்டியில் ஆண்கள் ஒற்றையர் பட்டத்தை வென்றவர் இலங்கையரான நிஷாந்த பெர்னாண்டோ ஆவார். கரம் ஆட்டத்தில் இந்தியாவின் வலிமையை அறிந்தோர் இவ்வெற்றியின் கனத்தையும் அறிவர். இஃது எங்கிருந்து வந்தது? கடைத் திண்ணைகளிலும் வாசிகசாலைகளிலும் சித்திரைப் புத்தாண்டு விழாக்களிலும் நடைபெறும், பத்திரிகையில் ஒரு வரியும் இடம்பெறாத, எண்ணிறந்த சிறு போட்டிகளிலிருந்து வந்தது. பிரதேச மட்டம், மாவட்ட மட்டம், மாகாண மட்டம், தேசிய மட்டம் எனத் தேசிய விளையாட்டு விழா அமைத்துத் தந்த படிகளும் அதற்குத் துணைநின்றன. வில்கமுவக் கரம் ஆட்டக்காரன் தேசிய மட்டத்தை எட்டாமற் போகலாம். ஆனால் முதற்படி அவனது ஊரிலேயே இருக்கிறது. ஸ்நூக்கரைப் பொறுத்தவரை முதற்படி எங்கே இருக்கிறது என்பதே கேள்வி.

இக்கேள்வி இந்நாட்டிற்குப் புதியதன்று. 1973ஆம் ஆண்டு பம்பாயில் நடைபெற்ற உலக அமெச்சூர் பிலியட்ஸ் போட்டியில் எம். ஜே. எம். லாபிர் சம்பியனானார். எந்தவொரு விளையாட்டிலும் உலக சம்பியன் பட்டத்தை இலங்கைக்கு ஈட்டித்தந்த முதல் மனிதர் அவரே. ‘சிலோன்’ என்ற பெயர் உத்தியோகபூர்வமாக நீங்கி அப்போது ஓராண்டே ஆகியிருந்தது. கிரிக்கெட் உலகக் கிண்ணம் வந்து சேர்வதற்கு இன்னும் 23 ஆண்டுகள் இருந்தன. பிலியட்ஸ் மூன்று பந்துகளைக் கொண்டது, ஸ்நூக்கர் இருபத்திரண்டு பந்துகளைக் கொண்டது எனினும், மேசை ஒன்றே, கோல் ஒன்றே, கைப்பயிற்சியும் பெரும்பாலும் ஒன்றே. லாபிர் இரண்டையும் ஆடியவர். நாட்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டம் நிறைவேறியதும் அதே 1973ஆம் ஆண்டிற்றான். சட்டமும் வந்தது, சம்பியனும் வந்தார். அவருக்குப் பின் உலக பிலியட்ஸ் பட்டத்தை எடுத்துவர இரண்டாவது இலங்கையர் ஒருவர் வரவில்லை.

காரணம் திறமையின்மை என எவரும் சொல்லத் துணியார். பெரும் போட்டிகள் இங்கு நடைபெறவில்லை எனவும் சொல்ல முடியாது. உலக அமெச்சூர் பிலியட்ஸ் போட்டியைக் கொழும்பு 1967இலும் 1979இலும், ஆக இருமுறை ஏற்று நடத்தியது. பெரும் போட்டி வந்து போவதனாலேயே ஆட்டம் வளரும் என்னும் கோட்பாடு மெய்யானால், அவ்விரு விழாக்களுக்குப் பின் இலங்கையின் ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு லாபிர் தோன்றியிருக்க வேண்டும். விழா முடிந்தது, விருந்தினர் விமானம் ஏறினர், மேசைகள் மீண்டும் கழகங்களின் கதவுகளுக்குப் பின்னே சென்று மறைந்தன.

1979இல் கொழும்பில் வென்றவர் யார் என்பதும் ஈண்டு நோக்கத்தக்கது. மால்டாவைச் சேர்ந்த போல் மிப்சுட். மால்டாவின் பரப்பு 316 சதுர கிலோமீற்றர். மாத்தளை மாவட்டத்தின் பரப்போ 1,993 சதுர கிலோமீற்றர். ஆறு மால்டாக்களை மாத்தளைக்குள் அடக்கிவிடலாம். அச்சிறு தீவிலிருந்து பின்னர் டோனி டிராகோ என்பவர் தொழில்முறை ஸ்நூக்கருக்குச் சென்று, உலகத் தரவரிசையில் முதற் பத்து இடங்களுக்குள்ளும் வந்தார். கிராமத்துக்குக் கிராமம் கழகமும் கழகத்துக்குக் கழகம் மேசையும் அங்கு இருந்தன. 1990களில் மால்டா கிராண்ட் பிரீ எனும் சிறிய அழைப்புப் போட்டியும் ஆண்டுதோறும் அங்கே இடம்பெற்றது. உலகப் புகழ்பெற்றவர்கள் அங்கு வந்து உள்ளூரவர்களுடன் ஆடினர். பரிசுத்தொகையை வைத்துப் பார்த்தால் அஃது ஒரு பொருட்டன்று. ஆயினும் தம் தெருவில் வளர்ந்தவன் உலக வீரனோடு ஒரே மேசையில் நிற்பதை ஓர் ஊர் கண்டது.

பெரும் போட்டி தன்னைத்தானே தாங்கிக்கொள்ளும் என்ற மயக்கத்தில் இருப்போர், இங்கிலாந்தின் வரலாற்றையேனும் நோக்குதல் வேண்டும். 1927இல் முதலாவது உலக தொழில்முறைப் போட்டியை வென்ற ஜோ டேவிஸ் பெற்ற பணம் ஆறு பவுண் பத்து ஷில்லிங். இன்று இச்சிறு போட்டிகளை இகழும் எவரும் அன்றிருந்தால், அவ்வுலகப் போட்டியையே முதலில் இகழ்ந்திருப்பர். டேவிஸ் 1946 வரை அப்பட்டத்தை எவரிடமும் இழக்கவில்லை. வெல்ல ஒருவரும் இல்லாத ஆட்டம் மெல்ல மெல்ல வாடிற்று. 1957க்குப் பின் 1964 வரை உலகப் போட்டி என ஒன்று நடைபெறவேயில்லை. மீண்டபோதும் அது, பட்டத்தை வைத்திருந்த ஜோன் புல்மனை ஒருவர் பின் ஒருவராக அறைகூவி ஆடும் தனியாட்டமாகவே மீண்டது. கீழே ஏறிவர எவரும் இல்லாத உச்சிக்கு நேர்ந்த கதி இது.

ஆட்டத்துக்கு உயிர் கொடுத்தது யாது? 1969இல் பி.பி.சி. இரண்டாம் அலைவரிசை தொடங்கிய ‘பொட் பிளக்’ என்னும் நிகழ்ச்சி. டேவிட் அட்டன்பரோ அவ்வலைவரிசையின் பொறுப்பாளராக இருந்த காலம். வர்ணத் தொலைக்காட்சியின் சிறப்பைக் காட்டுவதற்குப் பல வர்ணப் பந்துகள் உருளும் ஓர் ஆட்டம் வாய்ப்பாக அமைந்தது. ஆட்டத்துக்கு ஒரே ஒரு பிரேம். தரவரிசைப் புள்ளி எதுவும் இல்லை. இதைவிடச் சிறிய போட்டியைக் கற்பனை செய்வதும் அரிது. ஆயினும் அதன் முதலாண்டில் வென்ற ரே ரியர்டன், வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவர், பின்னர் ஆறுமுறை உலக சம்பியனானார். அந்த ஒரு பிரேம் நிகழ்ச்சியிற் கண்ணைப் பழக்கிக்கொண்ட மக்களே, 1985இல் டெனிஸ் டெய்லரும் ஸ்டீவ் டேவிசும் ஆடிய இறுதியாட்டத்தை நள்ளிரவு கடந்தும் பார்த்திருந்தனர். அவர்களின் தொகை 18.5 மில்லியன்.

ஆட்டக்காரரின் நிலையை நோக்குமிடத்து இவ்வுண்மை இன்னும் கூர்மை பெறும். 2009-10ஆம் பருவத்தில் உலகத் தரவரிசைக்குரிய போட்டிகள் ஆறே இருந்தன. ஆண்டொன்றுக்கு ஆறு. தகுதிகாண் சுற்றிலேயே தோற்றுவிடும் இளைஞன் ஒருவனுக்கு ஆறு பிற்பகல்களுடன் ஆண்டு முடிந்துவிடும். மீதி நாட்களில் அவன் யாரோடு ஆடுவது, எதை உண்பது? 2010இல் பரி ஹேர்ன் நிருவாகத்தைக் கையேற்றதும், ‘பிளேயர்ஸ் டுவர் சம்பியன்ஷிப்’ என்ற பெயரில் பன்னிரண்டு சிறு போட்டிகள் தொடங்கப்பட்டன. ஆறு ஷெபீல்டில், ஆறு ஐரோப்பாவின் பல நகரங்களில். வெல்பவருக்குப் பத்தாயிரம். தொழில்முறையாளரல்லாதோரும் நுழையலாம். சேர்த்த புள்ளிகளில் முதல் 24 பேர் டப்ளினில் நடைபெறும் இறுதிச் சுற்றுக்குப் போகலாம். 2016 வரை இவ்வேற்பாடு பல வடிவங்களில் நீடித்தது.

இதன் பயனுக்குச் சான்று தேடி நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. ஜேர்மனியின் பியூர்த் நகரில் 2004இல் தொடங்கிய ஒரு போட்டி, அம்முதலாண்டில் தானே வென்ற போல் ஹன்ரர் 2006இல் புற்றுநோயால் இருபத்தேழு வயதில் இறந்தபின், அவரது பெயராலேயே வழங்கலாயிற்று. பெயர் அறியப்படாத உள்ளூர் ஆட்டக்காரர்கள் முதற் சுற்றுகளில் ஆட, அவர்களில் எஞ்சியோர் உலக வீரர்களை எதிர்கொள்வது அங்கு வழக்கம். அப்போட்டியிலேயே, 2014இல், பம்பாயைச் சேர்ந்த ஆதித்ய மேத்தா ஒரே வருகையில் 147 புள்ளிகளைப் பெற்றார். தொழில்முறைப் போட்டியொன்றில் இந்தியர் ஒருவர் அந்த உச்ச எண்ணை எட்டியது அதுவே முதன்முறை. ஷெபீல்டின் பேரரங்கு அதற்கு வாய்க்கவில்லை. ஸ்நூக்கர் பிறந்தது 1875இல் ஜபல்பூரின் இராணுவ விடுதியில். அதன் விதிகள் எழுத்தில் ஒட்டப்பட்டது 1882இல் உதகமண்டலத்துக் கழகத்தில். பிறந்த மண்ணின் மைந்தன் அதன் முழுமையைத் தொட 139 ஆண்டுகள் சென்றன. தொட்ட இடம் ‘சிறு போட்டி’ என ஒதுக்கப்பட்ட ஒரு மண்டபம்.

மேத்தாவுக்கு அந்நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2013இல் முதன்முதலாக இந்திய ஓப்பன் போட்டி புதுடில்லியில் நடைபெற்றது. தரவரிசைப் போட்டியே எனினும், பரிசும் ஆட்ட நீளமும் குறைவாதலால் பட்டியலின் கீழ்வரிசையில் வைக்கப்பட்டது. அதில் மேத்தா, உலக சம்பியன்களாகிய பீட்டர் எப்டனையும் மார்க் வில்லியம்சையும் வென்று இறுதியாட்டத்தை அடைந்தார். அங்கே டிங் ஜுன்ஹுயியிடம் ஒரு பிரேமும் பெறாமல் 5–0 எனத் தோற்றார் என்பது உண்மையே. ஆனால் தரவரிசைப் போட்டியின் இறுதிக்குச் சென்ற முதல் இந்தியர் என்ற நிலையை அத்தோல்வி அழித்துவிடவில்லை. பின்னர் அப்போட்டி பம்பாய், ஐதராபாத், விசாகப்பட்டினம் என ஊர்விட்டு ஊர் சென்று 2019இல் கொச்சியில் நின்றுபோயிற்று. ஐந்து முறை, ஐந்து நகரங்கள். கொச்சி வரை வந்த போட்டி மன்னார் வளைகுடாவைத் தாண்டவில்லை. தாண்டி வா என இங்கிருந்து எவரும் உரக்க அழைத்ததாகவும் தெரியவில்லை.

பெண்களின் போட்டிகளோ சிறியவற்றுள்ளும் சிறியவையாக எண்ணப்படுவன. 2017இல் சிங்கப்பூரில் நடைபெற்ற உலக மகளிர் ஸ்நூக்கர் இறுதியாட்டத்தில் இந்தியாவின் வித்யா பிள்ளை ஹொங்கொங்கின் இங் ஒன்-யீயிடம் 6–5 என ஒரே பிரேமால் தோற்றதை அந்நாளிற் பெரிதுபடுத்திப் பேசியோர் சிலரே. 2025 நவம்பரில் தோகாவில், அதே இங் ஒன்-யீயை வென்று உலக அமெச்சூர் மகளிர் ஸ்நூக்கர் பட்டத்தைச் சென்னைத் தமிழ்ப் பெண்ணான அனுபமா இராமச்சந்திரன் கைப்பற்றினார். இவ்வெற்றிச் செய்தி வந்ததும் வாழ்த்துரைத்தோர் பலர். அவ்விடத்துக்கு ஒரு பெண்ணை ஏற்றிச் செல்லும் மாநிலப் போட்டிகளுக்கும் இளையோர் போட்டிகளுக்கும் ஒரு வெற்று நாற்காலியையேனும் நிரப்பச் சென்றோர் அவருள் எத்தனை பேர்?

இனி எதிர்வாதங்களைக் காண்போர், அவற்றுள் முதலாவதாகப் பல்கலைக்கழக வளாகத்திலேயே ஒலிக்கும் குரலைச் சந்திப்பர். இது துரைமாரின் ஆட்டம். நுவரெலியா ஹில் கிளப்பின் பிலியட்ஸ் அறையில் வெள்ளையர் பொழுதுபோக்கியது. தோட்டத் தொழிலாளியின் வியர்வை அம்மேசையின் கால்களுக்குக் கீழே இருக்கிறது. உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்கு இதனாற் பயன் என்ன? இவ்வாதத்தின் முற்பாதி சரி. துரை ஆட, புள்ளியைக் குறித்துப் பந்தைப் பொறுக்கி வைத்த மார்க்கரின் பெயரை எந்தக் கழகமும் சுவரில் எழுதவில்லை. ஆனால் பிற்பாதி தலைகீழ். கழகத்தின் கதவைத் திறக்கும் சாவி எது? உறுப்பினராக இல்லாதவனும் பெயர் கொடுத்து ஆடக்கூடிய திறந்த சிறு போட்டியன்றோ? பிரித்தானியாவில் சுரங்கத் தொழிலாளர் கழகங்கள் இவ்வாட்டத்தைத் தமதாக்கிக்கொண்ட வழி அதுவே. பாகிஸ்தானில் தெருவோரத்து மேசை மண்டபங்களின் சூழலிலிருந்து எழுந்த முகமது ஆசிப் 2012, 2019, 2024 என மும்முறை உலக அமெச்சூர் பட்டத்தை வென்றதும் இவ்வாட்டத்தில்தான். துரைமார் போய்விட்டனர். மேசையையும் அவர்களோடு கப்பலேற்றிவிட வேண்டும் என்பது புரட்சியாகாது. அது மேசையை மேட்டுக்குடிக்கே எழுதிக்கொடுப்பதாகும்.

இரண்டாவது வாதம், குறுகிய ஆட்டங்களில் தரம் கெடுகிறது, யாரும் யாரையும் வெல்லலாம் என்பது. யாரும் யாரையும் வெல்லலாம் என்பது குற்றச்சாட்டா, புகழ்ச்சியா என முதலில் தெளிதல் நன்று. அதனை விட்டாலும், நடைமுறை வேறாகவே உள்ளது. சிறு போட்டிகளுள் ஒன்றாகிய ஜிப்ரால்டர் ஓப்பனை 2020இலும் 2021இலும் வென்றவர், 2019இன் உலக சம்பியன் ஜட் டிரம்ப். வல்லவன் சிறு மேடையிலும் வெல்கிறான். ஆனால் வெல்லும் வழியில் அவன் ஐந்தாறு பெயரறியாதவர்களைச் சந்திக்கிறான்; அவ்வைந்தாறு பேருக்கும் அந்த ஒரு மணி நேரம் ஓராண்டுப் பயிற்சிக்கு நிகர்.

மூன்றாவது வாதமே கனமானது. சிறு போட்டிகளிற் பணம் இல்லை. முதற் சுற்றிற் தோற்றவன் பயணச்செலவையும் விடுதிக் கட்டணத்தையும் தன் கையிலிருந்து கொடுத்து வெறுங்கையுடன் திரும்புகிறான். வறுமையும் தனிமையும் அவனைச் சூதாட்டக்காரரிடம் கொண்டுசெல்கின்றன என்பது அது. 2023இல் சீன ஆட்டக்காரர் பத்துப் பேர் ஆட்டங்களை முன்கூட்டித் தீர்மானித்தமை முதலான குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டனர். இருவருக்கு ஆயுட்காலத் தடை. இக்கறையை மூடிமறைப்பது நேர்மையன்று. செலவு பற்றிய முறைப்பாடும் நியாயமானதே. ஆயின் அம்முறைப்பாடு பணம் பங்கிடப்படும் விதத்தின்மீது பாயவேண்டியது; போட்டிகளின் இருப்பின்மீதன்று. 2019 முதல் உலக சம்பியனுக்கு ஐந்து இலட்சம் பவுண் பரிசளிக்கும் ஓர் ஆட்டம், தொழில்முறை ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு பருவத்துக்கு இருபதாயிரம் பவுண் வருமானத்தை உறுதிசெய்ய 2022 வரை காத்திருந்தது. பசித்தவனுக்குச் சோறு போதவில்லை என்றால் அடுப்பை அணைத்துவிடுவதா? போட்டிகளைக் குறைத்தால் கீழ்நிலையில் உள்ளவனின் வருமானம் இன்னும் குறையும். சூதாட்டக்காரனின் வேலை இன்னும் எளிதாகும்.

அப்பத்துப் பேரில் ஒருவரின் கதையே இவ்வாதத்துக்கு மறுமொழியாகவும் அமைந்துவிட்டது. சாவ் சின்தொங் தாம் ஆட்டம் எதனையும் விற்கவில்லை எனினும், மற்றொருவரின் முறைகேட்டுக்கு உடந்தையாயிருந்ததையும் பந்தயம் கட்டியதையும் ஒப்புக்கொண்டு இருபது மாதத் தடை பெற்றார். தடை 2024 செப்ரெம்பரில் நீங்கியபோது அவருக்குத் தொழில்முறைத் தகுதி இல்லை. பேரரங்குகளின் கதவு மூடியிருந்தது. அவர் சென்றது ‘கியூ டுவர்’ எனும், தொழில்முறைக்கு அடுத்த கீழ்ப்படியிலுள்ள சிறு போட்டிகளுக்கு. பொழுது விடிந்தது முதல் ஒரே நாளில் பல ஆட்டங்கள், மண்டபத்தில் ஒரு கைப்பிடிப் பார்வையாளர், சிறு பரிசு. அங்கு பல போட்டிகளை வென்று முதலிடம் பெற்றார். தகுதிகாண் சுற்றுகளின் அடித்தட்டிலிருந்து தொடங்கி 2025 உலகப் போட்டிக்குள் நுழைந்தார். அரையிறுதியில் ரொனி ஓ’சலிவனை 17–7 எனவும், இறுதியில் மார்க் வில்லியம்சை 18–12 எனவும் வென்றார். ஆசியாவின் முதல் உலக சம்பியன் அவர். அமெச்சூராக நுழைந்து அப்பட்டத்தை வென்ற முதல்வரும் அவரே. கியூ டுவர் இல்லையெனில் அவ்விளைஞன் எங்கு ஆடி மீண்டிருப்பான் என்பதற்கு இகழ்வோரிடம் விடை உண்டா?

இதுகாறும் ஆட்டக்காரர் பக்கம் பேசப்பட்டது. இரசிகரின் நிலையில் நின்று பார்த்தால் வழக்கு இன்னும் வலுவுறும். ஸ்நூக்கர், இயல்பிலேயே சிறிய இடத்தின் ஆட்டம். கோலின் நுனி வெண்பந்தை எந்த இடத்தில் தொடுகிறது, தொட்டபின் அது பின்னோக்கி இழுபடுகிறதா, பக்கவாட்டில் விலகுகிறதா என்பதெல்லாம் பத்து யாருக்கு அப்பாலிருப்பவன் கண்ணுக்குத் தெரிவதில்லை. உலகப் போட்டி 1977 முதல் நடைபெற்றுவரும் குரூசிபிள் அரங்கிலேயே ஆயிரத்துக்கும் குறைவான இருக்கைகளே உள்ளன. 1972இல் அலெக்ஸ் ஹிக்கின்ஸ் உலகப் பட்டத்தையும் 480 பவுண் பரிசையும் வென்றது, பர்மிங்ஹாமில் முன்னாள் படைவீரர் சங்க மண்டபம் ஒன்றில். பெரியது எனப் போற்றப்படுவதே இத்துணைச் சிறியது. அவ்வாறாயின், வில்கமுவவின் ஒரு பாடசாலை மண்டபத்துக்கு உள்ள குறைபாடு அளவு பற்றியதன்று என்பது தெளிவாகும்.

சிறு போட்டியிலே எட்டு மேசைகளில் ஒரே வேளையில் ஆட்டம் நடைபெறும். இரசிகன் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடக்கிறான். சற்று முன் தோற்றவன் அருகில் வந்து அமர்ந்து, கோலின் நுனியில் சுண்ணக்கட்டியைத் தேய்த்தபடி, அந்த நீலப் பந்தை ஏன் விட்டேன் என்று தனக்குள்ளேயே வாதாடுவதைக் கேட்கிறான். தொலைக்காட்சி காட்டுவது பந்து குழியில் விழுவதை. பந்து விழாதபோது ஒரு மனிதனின் தோள் எவ்வாறு தளர்கிறது என்பதை மண்டபம் காட்டும். சில நிமிடங்களில் அதே மனிதன் எழுந்து சென்று, தன்னை வென்றவனின் அடுத்த ஆட்டத்துக்குப் புள்ளி குறிப்பான். இக்கல்வியை எந்தத் திரையும் வழங்கியதில்லை. ஆட்டத்தின்மீது கொள்ளும் பற்று அறிவாக மாறுவது இங்கேதான். அறிவுள்ள இரசிகர் இருக்கும் ஊரிலேயே ஆட்டக்காரன் தோன்றுகிறான்.

மாத்தளை மாவட்டத்துக்குப் பெரியவற்றின் அனுபவம் இல்லையென்றும் சொல்ல முடியாது. தம்புள்ளையில் ரங்கிரி கிரிக்கெட் மைதானம் 167 நாட்களில் எழுப்பப்பட்டது. 2001 மார்ச்சில் இங்கிலாந்து அணி வந்து ஆடிற்று. மாவட்டத்தின் பெருமைக்குரிய நாள் என்றே அது கொண்டாடப்பட்டது, அதில் தவறில்லை. ஆனால் சர்வதேச ஆட்டம் இல்லாத நாட்களில் அத்தனை ஆயிரம் இருக்கைகளும் வெயிலைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. அதே மாவட்டத்தின் மறுகோடியில், அந்த வெயிலில் வயலிலிருந்து திரும்பும் இளைஞனுக்கு அம்மைதானம் எவ்வளவு தூரமோ, குரூசிபிளும் ஏறத்தாழ அவ்வளவு தூரம்.

கேட்கப்படுவது மிகையன்று. இலங்கை பிலியட்ஸ், ஸ்நூக்கர் சங்கம் கொழும்பை விட்டு வெளியே, மாத்தளை நகரிலோ தம்புள்ளையிலோ, ஆண்டுக்கு இரண்டு மூன்று திறந்த சுற்றுப்போட்டிகளை நடத்தட்டும். கழக உறுப்புரிமை கேளாது பெயர் பதியட்டும். முதற் சுற்றிற் தோற்பவனுக்குப் பேருந்துக் கட்டணமும் ஒரு வேளை உணவும் கிடைக்கட்டும். பெண்களுக்குத் தனிப்பிரிவு முதலாண்டிலிருந்தே இருக்கட்டும். நாட்டின் முன்னணி ஆட்டக்காரர் இருவர், மூவர் கட்டாயமாக அதில் ஆடட்டும். மால்டாவிலும் பியூர்த்திலும் ஆடியோரை விட அவர்கள் பெரியவர்களல்லர். கற்பலகை பதித்த மேசை பாரமானது, ஏற்றியிறக்குவதும் மட்டம் பார்ப்பதும் வல்லாரின் வேலை, வறண்ட வலயத்துப் புழுதியில் கம்பளியைப் பேணுவது இலேசன்று என்பன யாவும் மெய்யே. ஒரு மாவட்டத்துக்கு இரண்டு மேசைகள் போதும். 167 நாட்களில் ஒரு மைதானத்தையே எழுப்பிய அதே மாவட்டத்தில், இரண்டு மேசைகளைக் கொண்டுவந்து மட்டம் பார்த்து நிறுத்த எத்தனை நாட்கள் வேண்டும் என்பதைப் பொறுப்புடையோர் தெரிவிக்கட்டும்.